ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடல்

'ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. ஓரிடத்தில் இழந்த பொருளை அதனோடு தொடர்பில்லாத வேறோரிடத்தில் தேடும் பேதைமையை அது சுட்டுகின்றது. ஆனால், இப்பழமொழியோடு இணைத்துச் சொல்லப்படும் வரலாறு பேதைமையைப் பற்றியதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை அவ்வூரின் மணிமுத்தாற்றில் இட்டார். பின்பு திருவாரூரை அடைந்து, அங்குள்ள திருக்குளத்தில் அப்பொன்னை எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன்னர் அவர் செய்த ஒரு செயல் நம் கருத்துக்கு உரியது. அப்பொன்னிலிருந்து ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். மச்சம் என்பது பொன்னின் தரத்தை ஒப்பிட்டு அறிவதற்காக எடுத்துவைக்கும் துண்டு. குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருக்கக் கண்டார். அக்குறை நீங்கிய பின்னரே பொன்னை ஏற்றுக்கொண்டார்.

ஆற்றில் உள்ளதைக் குளத்தில் தேடும் முயற்சி அறிவியல் உலகில் நாள்தோறும் நிகழ்கின்றது. பேராறுகளின் ஓட்டத்தையும் அவற்றின் படுகையையும், ஒரு கொட்டகைக்குள் அமைத்த சிறு தொட்டியில் தேடி அறியும் பொறியாளர்கள் பலர் உள்ளனர். அவர்களும் கையில் ஒரு மச்சம் வைத்துக்கொண்டே தேடுகின்றார்கள். அந்தக் கலையைப் பற்றியே நாம் இப்பாடத்தில் காணப்போகின்றோம்.

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் வடமொழியில் விருத்தாசலம் ஆயிற்று. கடலூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்னும் பெயரும் உண்டு. பொம்மைகளும் மின்சாதனங்களுக்கு வேண்டிய பீங்கான் பகுதிகளும் இங்குள்ள தொழிற்கூடங்களில் செய்யப்படுகின்றன. ஊரை ஒட்டி ஓடுவது மணிமுத்தாறு. கல்வராயன் மலையில் பிறந்து வரும் இவ்வாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கின்றது; வெள்ளாறு பரங்கிப்பேட்டைக்கு அருகில் கடலை அடைகின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகக் கிடக்கும் மணிமுத்தாறு, வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்களில் கரை தொட்டுப் பாயும். 2015-ஆம் ஆண்டில் பெய்த பெருமழையால் கடலூர் மாவட்டம் உற்ற துன்பத்தை இவ்வட்டாரத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஆற்றின் போக்கை முன்னறிவது அவர்களுக்கு வெறும் ஏட்டுக் கல்வியன்று. அவர்தம் வீட்டையும் வயலையும் காக்கும் கல்வியாகும்.

ஆற்றின் சிற்றுருவைப் பற்றி அறிவதற்கு முன், ஒரு பீங்கான் தொழிற்கூடத்திற்குள் சிறிது நேரம் நின்று பார்ப்போம். தொழிலாளர் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, களிமண் அதன் உட்புறத்தில் படிந்து உருப்பெறுகின்றது. அவ்வுரு காயும்போது ஒருமுறை சுருங்குகின்றது. சூளையில் வேகும்போது மீண்டும் ஒருமுறை சுருங்குகின்றது. ஆகையால், 9 அங்குல உயரமுள்ள பொம்மை வேண்டுமென்று கருதுபவர் 9 அங்குல அச்சைச் செய்யமாட்டார். அவருடைய களிமண் பத்தில் ஒரு பங்கு சுருங்குவதாயின், 10 அங்குல அச்சையே செய்வார். இங்கு மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். ஒரு குவளையின் உயரமும் அகலமும் பத்தில் ஒரு பங்கு குறையும்போது, அது கொள்ளும் நீரின் அளவு பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடுகின்றது. பெருக்கிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். நீளம் ஒரு விதமாகச் சுருங்கினால், கொள்ளளவு வேறொரு விதமாகச் சுருங்கும். உருவம் சிறிதாகும்போது அதன் பண்புகள் எல்லாம் ஒரே அளவில் சிறிதாவதில்லை. ஆற்றின் சிற்றுருவைச் செய்பவர் முதற்கண் கற்கவேண்டிய பாடம் இதுவே.

ஆற்றுக்குச் சிற்றுரு எதற்கு? ஆற்றையே நேரில் ஆராய்ந்துவிடலாகாதோ? இவ்வினாவுக்குக் காவிரியின் வரலாறே விடை கூறும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், சரிவு மிகுந்த கொள்ளிடம் மேலும் மேலும் நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டது. காவிரியோ வண்டலால் மேடிட்டது; தஞ்சை நாட்டு வயல்கள் நீரின்றி வாடின. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி அக்குறையைத் தீர்த்தார். அது மிகப் பெரிய நன்மை, அதில் ஐயமில்லை. ஆயினும், அணை எழுந்த சில ஆண்டுகளில் ஆறு தன் விடையைக் கூறத் தொடங்கியது. இப்போது காவிரிக்குள் நீர் மிகுதியாகப் புகுந்து அதன் படுகையை அரித்து ஆழமாக்கியது. ஆகவே, 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் படுகையைக் காக்கும் தளச்சுவர் ஒன்றை அமைக்கவும் நேர்ந்தது.

காட்டன் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவருக்கு ஆற்றைத் தவிர வேறோர் ஆய்வுக்கூடம் இல்லை. ஓர் அணை ஆற்றில் என்ன விளைவை உண்டாக்கும் என்பதை, அணையைக் கட்டி முடித்த பின்னரே காணமுடிந்தது. அவ்வாறு காண்பதில் ஒரு பெருங்குறை உண்டு. சோதனை தவறினால், அதன் விலையைக் கொடுப்பவன் ஆற்றங்கரை உழவன். மேலும், பெருவெள்ளம் நாம் அழைக்கும்போது வருவதன்று. வந்தபின் 'நில்' என்றால் நிற்பதுமன்று. சிற்றுருவிலோ வேண்டும்போது வெள்ளத்தை வரவழைக்கலாம். வேண்டாதபோது குழாயை மூடி நிறுத்தலாம். கரை உடைந்தால் ஒரு கூடை மணலைக் கொட்டி மீண்டும் கட்டலாம். அங்கே உடைவதால் எவருடைய வீடும் மூழ்குவதில்லை.

நம் நாட்டில் இவ்வாய்வு நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1916-இல் பம்பாய் மாகாணத்தில் நீர்ப்பாசன ஆய்வுக்கென ஏற்பட்ட அமைப்பு, புணே நகருக்கு அருகில் கடக்வாஸ்லா என்னுமிடத்தில் இன்று மத்திய நீர் மற்றும் மின்விசை ஆய்வு நிலையமாக விளங்குகின்றது. கல்கத்தாத் துறைமுகத்துக்கு வழியாகிய ஊக்ளி ஆற்றின் கழிமுகம் முதலிய பலவற்றின் சிற்றுருக்கள் அங்கே அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்வது பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிலையம். சென்னை நகருக்குக் குடிநீர் தரும்பொருட்டுக் கொசத்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் திறக்கப்பட்டது. அதனையடுத்து அவ்விடத்திலேயே ஆய்வு நிலையமும் எழுந்தது. ஆற்றின் சிற்றுருவுக்கு முதலில் வேண்டுவது இடைவிடாத நீரன்றோ? நீர்த்தேக்கத்தின் அருகில் இருப்பின் அது எளிதிற் கிடைக்கும்.

இத்தகைய நிலையத்தில் ஓர் ஆறு எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காண்போம். முதலில் அளவையாளர் உண்மை ஆற்றுக்குச் செல்கின்றனர். குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை, ஒரு கரையிலிருந்து மறுகரை வரையில் படுகையின் மேடு பள்ளங்களை அளந்து குறிக்கின்றனர். அக்குறிப்பைச் சிறிதாக்கி, படுகையின் குறுக்குவெட்டு வடிவில் தகடுகளை வெட்டுகின்றனர். கூடத்தின் தரையில் அத்தகடுகளை வரிசையாக நிறுத்தி, இடையிடையே மணலை நிரப்பித் தகட்டின் விளிம்போடு ஒட்டச் சமன் செய்கின்றனர். ஆற்றின் மட்டத்தையும் ஓட்டத்தையும் மட்டும் அறிய வேண்டுமாயின், மேலே சிமெண்டுச் சாந்து பூசிப் படுகையை அசையாததாக்குகின்றனர். அரிப்பையும் படிவையும் அறிய வேண்டுமாயின், மணலை அப்படியே விட்டுத் தகடுகளை எடுத்துவிடுகின்றனர். அணை, பாலத்தூண், மதகு ஆகியவற்றின் சிற்றுருக்களை அவற்றிற்குரிய இடங்களில் பொருத்துகின்றனர். பின்னர், மேல்தொட்டியிலிருந்து நீரை விடுகின்றனர். முக்கோண வடிவில் வெட்டிய ஒரு பலகையின் வழியே அந்நீர் வழிந்து வரும். அவ்வழிவின் உயரத்தைக் கொண்டு வரும் நீரின் அளவைக் கணக்கிடுவர். நீரின் மட்டத்தைக் கூரிய ஊசி பொருத்திய அளவுகோலால் அளப்பர். சாயத்தையும் காகிதத் துணுக்குகளையும் மிதக்கவிட்டு, ஓட்டம் எங்கே விரைகின்றது, எங்கே சுழல்கின்றது என்று காண்பர். வெள்ளம் வடிந்தபின் படுகையில் ஏற்பட்ட மேடு பள்ளங்களை வெண்ணிற நூல்களால் கோடிட்டுப் படம் எடுப்பர்.

சிற்றுருவில் எவ்வளவு நீரை விடவேண்டும்? எவ்வளவு நேரம் விடவேண்டும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆற்றை ஓடச்செய்வது புவியின் ஈர்ப்பு. ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல், தரையைத் தொட ஒரு வினாடி ஆகின்றது. அதனை நூறில் ஒரு பங்கு உயரமாகிய 5 சென்டிமீட்டரிலிருந்து விட்டால், நூறில் ஒரு வினாடியில் விழும் என்று எண்ணுவோம். உண்மை அதுவன்று, பத்தில் ஒரு வினாடி ஆகின்றது. உயரம் நூறில் ஒன்றாகும்போது, காலம் நூறின் வர்க்கமூலமாகிய பத்தில் ஒன்றாகவே குறைகின்றது. வேகமும் அவ்வாறே பத்தில் ஒன்றாகின்றது. கப்பல்களின் சிற்றுருக்களை நீர்த்தொட்டியில் இழுத்து ஆராய்ந்த வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியாளர், இவ்விதியைக் கையாண்டு சிற்றுரு ஆய்வுக்கு வழிவகுத்தார். அவர் பெயராலேயே இன்றும் இவ்விதி வழங்குகின்றது.

இதனை ஆற்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். நூறில் ஒரு பங்கு அளவில் ஓர் ஆற்றைச் செய்வதாகக் கொள்வோம். அகலம் நூறில் ஒன்று. ஆழம் நூறில் ஒன்று. வேகம் பத்தில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால், நீரின் வரத்து இலட்சத்தில் ஒரு பங்காகின்றது. உண்மை ஆற்றில் வினாடிக்கு 5,000 கன மீட்டர் பாயும் பெருவெள்ளத்தைக் காட்டுவதற்குச் சிற்றுருவில் வினாடிக்கு 50 லிட்டர் நீர் போதும். ஒரு முழுநாள் அடிக்கும் வெள்ளம் அங்கே 2 மணி 24 நிமிடத்தில் முடிந்துவிடும். ஊரையே கலங்கவைக்கும் வெள்ளத்தை ஒருவர் கரையோரம் அமர்ந்து, ஒரு முற்பகலில் தொடக்கமுதல் முடிவுவரை பார்த்துவிடலாம்.

ஆயினும், எல்லா ஆறுகளையும் இவ்வாறு ஒரே விகிதத்தில் சுருக்கிவிட முடிவதில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரப் பேராசிரியராக இருந்த ஆசுபோர்ன் ரெனால்ட்ஸ் என்பவர் 1885-இல் மெர்சி ஆற்றின் கழிமுகத்துக்குச் சிற்றுரு ஒன்று செய்தார். பல மைல் பரந்த கழிமுகத்தை ஒரு மேசையளவில் அடக்கவேண்டியிருந்தமையால், நீள அகலங்களை ஏறத்தாழ 32,000-இல் ஒரு பங்காகச் சுருக்கினார். ஆழத்தையும் அவ்வாறே சுருக்கியிருந்தால், 10 மீட்டர் ஆழமுள்ள நீர் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஆகியிருக்கும். அவ்வளவு மெல்லிய நீர் ஆறுபோல ஓடாது. தாமரை இலைமேல் நிற்கும் நீர்த்துளியைப் பாருங்கள். அது பரவி ஓடாமல் முத்துப்போலத் திரண்டு நிற்கின்றது. நீரின் புறப்பரப்பில் உள்ள இழுவிசை சிறு துளியில் பெரிய ஆற்றலாக விளங்குகின்றது. பேராற்றிலோ அது இருப்பதே தெரியாது. இக்காரணத்தால் ரெனால்ட்ஸ் ஆழத்தை மட்டும் 960-இல் ஒரு பங்காகக் கொண்டார். அதாவது, பரப்பை நோக்க ஆழம் முப்பது மடங்குக்கு மேல் மிகைப்படுத்தப்பட்டது. அச்சிற்றுருவில் ஓதம் ஒருமுறை ஏறி இறங்க ஏறத்தாழ 40 வினாடியே ஆயிற்று. சமனாகப் பரப்பிய மணலின்மேல் ஆயிரக்கணக்கான ஓதங்கள் ஏறி இறங்கியபின், மெர்சிக் கழிமுகத்தின் வரைபடத்தில் உள்ள முதன்மையான கால்களும் மேடுகளும் அம்மணலில் தாமாகவே தோன்றின. உருவத்தில் பொய்த்த அச்சிற்றுரு, ஓட்டத்தில் பெரும்பாலும் மெய்த்தது.

படுகையின் மணலோ இதனினும் பெரிய சிக்கலைத் தருகின்றது. ஆற்று மணலின் ஒரு துகள் அரை மில்லிமீட்டர் பருமன் உள்ளது என்று கொள்வோம். நூறில் ஒரு பங்கு சிற்றுருவில் அதனையும் நூறில் ஒரு பங்காக அரைத்துவிட்டால் என்ன ஆகும்? அது மணலாக இராது. களிமண்ணைப் போன்ற பொடியாகிவிடும். களிமண்ணின் தன்மையை விருத்தாசலத்துத் தொழிலாளரிடம் கேட்டால் நன்கு சொல்வர். மணல் தனித்தனித் துகளாக உருளும். களிமண்ணோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளும் அப்பண்பினாலேயே களிமண் குவளையாகவும் பொம்மையாகவும் ஆகின்றது. அதே பண்பினால், ஆற்று மணலின் அசைவைக் காட்டுவதற்கு அது தகுதியற்றதாகின்றது. ஆகவே ஆய்வாளர்கள் துகளின் பருமனைச் சிறிதாக்குவதை விட்டு, அதன் எடையைக் குறைக்க வழி தேடினர். நிலக்கரித் தூள், மரத்தூள், நெகிழிமணி போன்ற எடை குறைந்த பொருள்களைப் படுகையில் பரப்பினர். மெல்ல ஓடும் சிற்றாறும் அவற்றை உருட்டிச் செல்லவல்லது. மணலைக் காட்ட மணலையே பயன்படுத்தாமை வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் சிற்றுருவில் ஒத்திருக்கவேண்டியது பொருளன்று, பொருளின் நடத்தையே.

இதுவரை கூறியவற்றால் ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆழத்தை மிகைப்படுத்தினோம், மணலுக்கு வேறு பொருளை வைத்தோம். இத்தனை மாற்றங்கள் செய்த ஒன்று கூறும் விடையை நம்பி, கோடிக்கணக்கான பொருளைச் செலவிட்டு அணை கட்டலாமா? அதன் சொல்லை நம்பி, கரையோரத்து மக்களை 'அஞ்சாது உறங்குங்கள்' என்று கூறலாமா? இங்கேதான் மச்சம் உதவிக்கு வருகின்றது.

ஆற்றில் முன்னரே நிகழ்ந்து, அளந்து எழுதப்பட்ட ஒரு வெள்ளமே அம்மச்சம். அன்று எந்த ஊரில் நீர் எவ்வளவு உயர்ந்தது, எந்தக் கரையை அரித்தது, எங்கே மணல்திட்டு எழுந்தது என்பன பதிவேட்டில் உள்ளன. ஆய்வாளர் அவ்வெள்ளத்தைச் சிற்றுருவில் மீண்டும் ஓடவிடுகின்றார். நீர்மட்டம் பதிவேட்டோடு ஒத்திருக்கின்றதா என்று பார்க்கின்றார். ஒத்திராவிட்டால் மாற்றுக் குறைந்தது என்பது பொருள். படுகையில் சிறுகற்களைப் பதித்துச் சொரசொரப்பை மிகுவிக்கின்றார், சரிவைத் திருத்துகின்றார், நீர்விடும் காலத்தை மாற்றுகின்றார், மீண்டும் வெள்ளத்தை விடுகின்றார். நடந்தவற்றை நடந்தவாறே கூறும்வரையில், இனி நடப்பனபற்றி அச்சிற்றுருவை எவரும் வினவுவதில்லை. நேற்றைப் பற்றிப் பொய் கூறும் ஒன்று, நாளையைப் பற்றி மெய் கூறும் என்று எவ்வாறு நம்புவது? ஆகவேதான், ஆற்றங்கரையில் மழையில் நனைந்து நீர்மட்டத்தைக் குறித்து வைக்கும் எளிய ஊழியரின் பணி பேராசிரியரின் கணக்குக்குக் குறைந்ததன்று. அவர் குறிப்பில் பிழை இருந்தால், மச்சமே மாற்றுக் குறைந்ததாகிவிடும்.

உரைத்துப் பார்த்துத் தேறிய சிற்றுருவின் பயனுக்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்று உண்டு. மிசிசிப்பி ஆற்றில் 1927-இல் ஏற்பட்ட பெருவெள்ளம் பல இலட்சம் மக்களை வீடிழக்கச் செய்தது. அதன் பின்னர் அந்நாட்டார் விக்ஸ்பர்க்கு என்னுமிடத்தில் நீரியல் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினர். பின்பு 1943-இல் அம்மாநிலத்திலேயே, மிசிசிப்பியையும் அதன் கிளையாறுகளையும் ஒருங்கே காட்டும் மாபெரும் சிற்றுரு ஒன்றை அமைக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில் அது பரந்து கிடந்தது. 1952-இல் கிளையாறாகிய மிசௌரி பெருக்கெடுத்து வந்தபோது, அவ்வெள்ளத்தை முன்கூட்டியே அச்சிற்றுருவில் ஓடவிட்டுப் பார்த்தனர். ஓமகா முதலிய நகரங்களின் கரைகளை எங்கெங்கே உயர்த்தவேண்டும் என்பதை அறிவதற்கு அச்சோதனை உதவியது. மண் மூட்டைகளை எங்கே அடுக்குவது என்று தெரியாமல் நாலாபுறமும் ஓடுவதற்கும், தெரிந்து ஓரிடத்தில் அடுக்குவதற்கும் உள்ள வேற்றுமையை வெள்ளத்தைக் கண்டவர் அறிவர்.

ஆற்றின் சிற்றுருவைக் காண நீங்கள் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பிச் சிறிது தேயிலைத் தூளை இடுங்கள். அத்தூள் ஊறி அடியில் படிந்தபின், ஒரு கரண்டியால் நீரை வட்டமாகச் சுழற்றிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். சுழலும் நீர் தூளை வெளிப்புறமாகத் தள்ளும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆனால் தூள் குவளையின் அடியில், நடுவே வந்து குவியும். குவளையின் அடியைத் தொட்டு ஓடும் நீர் உராய்வினால் வேகம் குறைகின்றது. மேல்நீரோ விரைவாகச் சுழன்று வெளிப்புறம் ஒதுங்குகின்றது. ஆகையால் மேல்நீர் ஓரமாகக் கீழிறங்கி, அடியில் உட்புறம் நோக்கித் திரும்பி, வழியில் தூளை நடுவுக்கு வாரி வருகின்றது. ஐன்ஸ்டைன் 1926-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்நிகழ்ச்சியையே காட்டி, ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்பதை விளக்கினார்.

இனி, விடுமுறை நாளில் உங்கள் ஊர் ஆற்றின் ஒரு வளைவில் நின்று பாருங்கள். வளைவின் வெளிக்கரை செங்குத்தாக அரிக்கப்பட்டு ஆழமாக இருக்கும். உட்கரையில் மணல்மேடு படிந்திருக்கும். குவளையின் ஓரம் வெளிக்கரை. அதன் நடு உட்கரை. தேயிலைத் தூளே ஆற்று மணல். ஆகவே, வெளிக்கரையை ஒட்டி வீடு கட்டுதல் தகாது என்பதையும், உட்கரையில் மதகு வைத்தால் வாய்க்காலில் மணல் புகும் என்பதையும் ஒரு குவளை நீர் உங்களுக்குக் கற்பித்துவிடுகின்றது.

இக்காலத்தில் கணிப்பொறிகள் வந்துவிட்டன. ஆற்றின் ஓட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியிடம் கொடுத்தால், பல நாள் வேலையை அது விரைவில் முடித்துவிடுகின்றது. மேலே கூறிய மிசிசிப்பிச் சிற்றுருவும் கைவிடப்பட்டு, இன்று மரங்கள் அடர்ந்து கிடக்கின்றது. எனினும் சிற்றுரு ஆய்வு முற்றும் மறைந்துவிடவில்லை. அணையின் அடியில் நுரைத்துப் பொங்கும் நீர், பாலத்தூணைச் சுற்றிக் குழி பறிக்கும் சுழல், காற்றோடு கலந்து சீறும் மதகு நீர் ஆகியவற்றைச் சமன்பாட்டுக்குள் அடக்குதல் இன்னும் அரிதாகவே உள்ளது. அவ்விடங்களில் பொறியாளர் கணிப்பொறியை விட்டு மீண்டும் தொட்டியின் கரைக்கு வருகின்றனர். கணிப்பொறியின் கணக்கையும் மச்சத்தோடு உரைத்துப் பார்த்தல் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து அதற்கும் விலக்கு இல்லை.

மாணவர்களே! சிறியதைக் கொண்டு பெரியதை அறிதல் மனித அறிவின் சிறந்த ஆற்றல்களுள் ஒன்று. ஆயினும், சிறியது பெரியதைப் போலவே எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்புதல் அறிவன்று. எதில் ஒத்திருக்கின்றது, எதில் வேறுபடுகின்றது என்பதை ஆராய்ந்து, வேறுபாட்டுக்கு ஈடு செய்து, விளைவை உண்மையோடு உரைத்துப் பார்த்த பின்னரே அதனை ஏற்றல் வேண்டும். களிமண் சுருங்கும் அளவை அறியாதவன் வார்க்கும் பொம்மை அளவில் தவறும். அத்தவற்றால் ஒரு பொம்மை வீணாகும். ஆறு சுருங்கும் அளவை அறியாதவன் கட்டும் கரை தவறினாலோ, ஓர் ஊர் வீணாகும்.

ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுவது பேதைமை என்று பழமொழி கூறுகின்றது. கையில் மச்சம் இல்லாமல் தேடுவோருக்கு அது முற்றும் பொருந்தும். மச்சம் வைத்துக்கொண்டு தேடுவோருக்கோ, குளத்திலும் ஆறு கிடைக்கும்.